இடக்கைக்குப் போட்ட கையுறை

பேர்ண்
24 ஓகஸ்ட் 2009

அன்புள்ள தம்பி ஜதுஷனுக்கு,

அன்புள்ள என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். மற்றபடி உன்மேல் எனக்கு இப்போது இருப்பது எரிச்சல் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டே என் சொல்லைக் கேட்கிறது. சொந்தத் தம்பியிடம் ஒரு வசனத்தை முடிக்க எனக்கு வக்கில்லை. ஆகவே இனிமேல் கடிதம்தான். நீ பாதியில் தூக்கிப் போட்டாலும் மிச்சப் பாதி அங்கேயே கிடக்கும், என்றைக்காவது வாசிப்பாய். பதிலைத் தமிழில் எழுது. எட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ட்ராமில் இழுத்துக்கொண்டு போனவளுக்கு அந்தக் கூலியாவது வேண்டும்.

விஷயம் இதுதான். மார்ச் 14ஆம் திகதி நீ விமானம் ஏறினாய். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால், இங்கே குடியிருக்க உனக்கு இருக்கும் சி பெர்மிட் தானாகவே செத்துப்போகும். பேர்ணில் பிறந்தவன், பேர்ண் பாஷை பேசுகிறவன் என்றெல்லாம் அவர்கள் பார்க்க மாட்டார்கள். உன்னிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. அதற்குள் மனுக் கொடுத்தால் நாலு வருடம் வரைக்கும் பெர்மிட்டை வைத்திருப்பார்கள். மனுவை நானே நிரப்பிவிட்டேன். நீ செய்ய வேண்டியது ஒரு கையெழுத்து. இரண்டு தடவை அனுப்பியாயிற்று, இரண்டும் திரும்பி வரவில்லை. இது மூன்றாவது பிரதி.

இங்கே நான் படும் பாடு உனக்குத் தெரியாது. கோயிலில் அம்மா, "அவன் அமெரிக்காவில எஞ்சினியரிங் படிக்கிறான்" என்கிறார். அப்பா ஆஸ்பத்திரிச் சமையலறையில், "மகன் கிரிக்கெட் விளையாடுறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஞானேஸ்வரி அன்ரி இரண்டையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "பிள்ளை, உங்கட தம்பி படிக்கிறானோ, விளையாடுறானோ?" என்று கேட்கிறார். பேஸ்போல் என்றேன். "அது பிறகென்ன?" என்றார். எனக்கும் முழுக்கத் தெரியாது. நீ பந்து எறிகிறாய், அதற்கு ஒருவன் சம்பளம் தருகிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கையெழுத்து வை.

சிவகலா அக்கா


அரிசோனா
5 செப்டெம்பர் 2009

அக்காவுக்கு,

கையெழுத்து வைத்து இதனுடன் அனுப்பியிருக்கிறேன். இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.

போனை வைத்ததற்குக் காரணம், அரை மணித்தியாலம் கதைத்தும் நான் எப்படி எறிகிறேன் என்று நீங்கள் ஒரு தரம் கூடக் கேட்கவில்லை. பெர்மிட், சாப்பாடு, அம்மாவின் முழங்கால், திரும்பவும் பெர்மிட். பதினெட்டு வயதில் ஒரு கழகம் சுவிஸிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறது. இந்த முகாமில் அறுபது பேர் இருக்கிறோம். சுவிஸ் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். தமிழ் என்றால் சிரிக்கக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்ரிக்குச் சொல்லுங்கள். மைதானத்தின் நடுவில் ஒரு மண்மேடு இருக்கிறது. அதில் தனியே நிற்பவன் பிட்சர். அடிப்பவனை ஏமாற்றி மூன்று தரம் தவறவிடச் செய்தால் அவன் வெளியே. அவ்வளவுதான். என் பந்து மணிக்குத் தொண்ணூற்றிரண்டு மைல் போகிறது. எறிவது வலக்கை. இடக்கையில் தோல் கையுறை. அந்தக் கையுறையைப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் போட்டபோது மற்றப் பெடியங்கள் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். எனக்கு மட்டும் அது எப்போதும் அங்கே இருந்த மாதிரி இருந்தது. இதற்கென்றே பிறந்திருக்கிறேன் என்று அன்றைக்கே நினைத்தேன். உங்களுக்கு இதெல்லாம் விளையாட்டு.

நாற்பது பாகை வெயில். ஒரு வீட்டில் ஏழு பேர். சோறு இல்லை.

ஜதுஷன்


பேர்ண்
30 மே 2011

தம்பிக்கு,

இரண்டு வருடத்தில் ஐந்து கடிதம். கேட்டால் பஸ்ஸில் பயணம் என்கிறாய். பஸ்ஸில் இருக்கிறவனுக்குக் கை இல்லையோ? என் கலியாணத்துக்கும் நீ வரவில்லை. சிவநேசனின் பக்கத்தில் நீ நிற்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளைத் தோழனாக யாரோ ஒரு வின்டர்தூர்ப் பெடியன் நிற்கிறான். ஒவ்வொரு படத்திலும் நிற்கிறான்.

சரி, அதை விடு. நீ எப்படி எறிகிறாய் என்று கேட்கவில்லை என்றாய் அல்லவா? இப்போது உன் ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கையும் இணையத்தில் பார்க்கிறேன். வேலை இடைவேளையில், தேநீரும் நானும் உன் பந்துகளும். ஏப்ரலில் வேகம் தொண்ணூற்றிமூன்று. இந்த மாதம் எண்பத்தெட்டு. போன வியாழன் ஏழு ஓட்டம் கொடுத்திருக்கிறாய். எனக்குப் பேஸ்போல் தெரியாது, முழங்கை தெரியும். மூட்டின் உட்பக்கம் நோகிறதா? சின்ன விரல் விறைக்கிறதா? கேட்டால் "ஒண்டுமில்லை" என்பாய். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் எத்தனை பேரை நான் கழுவித் துடைத்திருக்கிறேன்.

பக்கத்து ஊரான துனில் ஒரு இயந்திரப் பட்டறையில் தொழில் பழகும் இடம் ஒன்று இருக்கிறது. முதலாளி சிவநேசனுக்குப் பழக்கம். இருபத்தொரு வயது பிந்தவில்லை என்கிறார். யோசி. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசிக்காமல் விடுவாய், எனக்குத் தெரியும். செவிடன் காதில் ஊதின சங்கு. ஊதுகிற எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

அக்கா


அரிசோனா
11 ஒக்டோபர் 2011

அக்காவுக்கு,

இந்த எழுத்தைப் பார்த்து யாருடையது என்று யோசிக்காதீர்கள். என்னுடையதுதான். இடக்கையால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது சரி. முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்துபோயிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் வெட்டி, வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு வருடம் எறிய முடியாது. அதுவரைக்கும் கழகம் என்னை வைத்திருக்கும், அதன் பிறகு கை திரும்பாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடும். திரும்புகிறவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. துன் பட்டறை பற்றி இப்போது மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

ஒரு விசித்திரம். வலக்கைக்குக் கட்டுப் போட்டிருப்பதால் பல் தீட்டுவது, சாப்பிடுவது எல்லாம் இடக்கையால்தான். மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் வராதாம். எனக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. கைக்குப் பயிற்சி தருகிற பெண் எழுதச் சொன்னாள், எழுதினேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "சின்ன வயதில் நீ இடக்கைக்காரனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "வீட்டில் கேட்டுப் பார்" என்றாள்.

கேட்கிறேன். நான் இடக்கைக்காரனா?

ஜதுஷன்


பேர்ண்
2 நவம்பர் 2011

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. காயத்தை நனைய விடாதே. வீங்கினால் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வை. நோவு மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிவிட்டேன், இரண்டு நாள் அழுதார், இப்போது கந்தசஷ்டிக்கு உனக்காக விரதம் இருந்து முடித்திருக்கிறார்.

சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையையும்தான் பாவிக்கும். அதில் ஒன்றும் இல்லை.

பெர்மிட் 2013 மார்ச் 14 வரைக்கும்தான். ஞாபகம் வைத்திரு.

அக்கா


அரிசோனா
19 நவம்பர் 2011

அக்காவுக்கு,

நீங்கள் கடிதம் எழுதினால் நாலு பக்கம். பாதி திட்டு, கால் பெர்மிட், மிச்சம் அன்ரி. இந்த முறை பத்து வரி, ஒரு திட்டுக்கூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை, கொக்காவைக் கேள்" என்று உங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அப்பாவைக் கேட்டேன். அடுப்பில் ஏதோ எரிகிறது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். வேலை முடிந்து வீட்டில் இருந்த மனிதனுக்கு எந்த அடுப்பு?

அக்கா, என்ன செய்தீர்கள்?

ஜது


பேர்ண்
8 டிசம்பர் 2011

ஜது,

நாலு தரம் எழுதி நாலு தரமும் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட வேண்டும்.

1992 விஜயதசமி. உனக்கு இரண்டரை வயது. இங்கே அப்போது கோயில் இல்லை, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில்தான் ஏடு தொடக்கினார்கள். ஐயர் உன்னை மடியில் இருத்தி அரிசித் தட்டில் எழுத விரலைப் பிடித்தார். நீ வலக்கையை இழுத்துக்கொண்டு இடக்கையை நீட்டினாய். அவர் மாற்றினார். நீ திரும்ப இடக்கையை நீட்டினாய். மூன்று தரம். மண்டபமே சிரித்தது. "பீச்சாங்கையால எழுதப்போறான் போல" என்று யாரோ சொன்னார்கள். அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். இப்பவே மாத்தவேணும். நான் வேலைக்குப் போறன், நீதான் பாத்துக்கொள்" என்றார். எனக்குப் பதின்மூன்று வயது.

முதலில் கையைத் தட்டினேன். நீ கேட்கவில்லை. பிறகு உன் இடக்கைக்கு ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறையைப் போட்டேன், விரல் பிரியாதது. மணிக்கட்டில் றிபன் கட்டி, சட்டைக் கையோடு ஊசி குத்திவிட்டேன். காலையில் போட்டால் நீ படுக்கும் வரைக்கும் கழற்றுவதில்லை. வெளியில் பனி என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ அந்தக் கையை மேசையில் அடித்து அடித்து அழுவாய். ஒரு மாதம் அழுதாய். பிறகு அழுவதை விட்டுவிட்டாய். பங்குனியில் கழற்றினேன். நீ அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு வலக்கையால் கரண்டியை எடுத்தாய். அம்மா சந்தோஷத்தில் எனக்கு ஒரு பெரிய சொக்கிலேற் வாங்கித் தந்தார். உனக்கு ஒரு துண்டுகூடத் தராமல் முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

கையுறை எப்போதும் அங்கே இருந்த மாதிரி இருந்தது என்று எழுதினாயே. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கழிவறையில் நின்று அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை. இதில் என்ன வந்துவிடப்போகிறது, எந்தக் கையால் எறிந்தாலும் பந்து பந்துதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அக்கா


அரிசோனா
4 ஜனவரி 2012

அக்கா,

எந்தக் கையால் எறிந்தாலும் பந்து பந்து இல்லை.

இடக்கைப் பிட்சர் ஆயிரத்தில் தேடி எடுக்கிற சாமான். இடக்கையால் அடிக்கிறவர்களுக்கு அந்தப் பந்து வருகிற பக்கமே பிடிபடாது. ஒவ்வொரு கழகத்துக்கும் வேண்டும், எந்தக் கழகத்துக்கும் போதாது. வலக்கைக்காரன் தொண்ணூற்றிரண்டு எறிந்தால் வரிசையில் நில் என்பார்கள். இடக்கைக்காரன் எண்பத்தாறு எறிந்தாலும் கதிரை போட்டு இருத்துவார்கள். நாற்பது வயதில்கூட வேலை கிடைக்கும். நான் வெட்டிக்கொண்டது இரவல் கை. அறுந்ததும் இரவல் கை. என்னுடைய கை சும்மா கிடந்தது, நீ கட்டிவைத்த இடத்தில்.

சொக்கிலேற் நல்லாயிருந்ததா?

எனக்கு இனி எழுதாதே.

ஜதுஷன்


பேர்ண்
17 ஜூன் 2012

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். ஐந்து மாதம் எழுதவில்லை. இனி என்னால் முடியாது. நீ எழுதாதே என்று சொன்னது கோபத்தில், நான் எழுதுவது பழக்கத்தில்.

"நீங்கள்" என்பது "நீ" ஆகிவிட்டதைக் கவனித்தேன். அப்படியே இருக்கட்டும், எனக்கு அதுதான் சரி.

மன்னிப்புக் கேட்டு எழுதினால் அது உனக்கு எந்த உதவியும் இல்லை, எனக்குத்தான் சுகம். ஆகவே கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. அம்மாவுடன் மூன்று வாரம் கதைக்கவில்லை. நாலாவது வாரம், "நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்று சண்டை பிடித்தேன். "நான் மாத்து எண்டுதான் சொன்னனான், கட்டு எண்டு சொன்னனானோ?" என்கிறார். அந்த வீட்டில் கையுறையைப் பார்க்காதவர் மாதிரி! அப்பா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். இந்தக் குடும்பத்தில் குற்றம் எல்லாம் கடைசியில் பால்கனியில்தான் போய் நிற்கும்.

உன் பெயர் ஆட்டக் கணக்கில் இல்லை. கை எப்படி என்று யாரிடம் கேட்பது? உயிரோடு இருக்கிறாயா என்றாவது எழுது. மார்ச் 14, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்னும் ஒன்பது மாதம் இல்லை.

அக்கா


அரிசோனா
21 ஒக்டோபர் 2012

அக்கா,

உயிரோடு இருக்கிறேன்.

வலக்கை திரும்பவில்லை. எண்பத்திரண்டுக்கு மேல் போகவில்லை, மறுநாள் கோப்பை தூக்க முடியாது. ஜூலையில் வைத்தியரே தலையை ஆட்டிவிட்டார்.

ஆனால் ஜனவரியிலிருந்து நான் ஒன்று செய்தேன். உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய அன்றைக்கே தொடங்கினேன். முகாமின் பின்சுவரில் பெட்டி மாதிரி ஒன்றைக் கீறி, இடக்கையால் எறிந்தேன். கோபத்தில்தான். முதல் நாள் பந்து சுவரிலேயே படவில்லை. நாளைக்கு இருநூறு பந்து. சின்னப் பிள்ளை நடக்கப் பழகுவது மாதிரி எந்தக் கால் முதலில் என்றுகூடத் தெரியாது. மே மாதம் பயிற்சியாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஓகஸ்டில் சிரிக்கவில்லை, வேகமானியை எடுத்துவரச் சொன்னார். எண்பத்திமூன்று. செப்டெம்பரில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் விட்டார்கள். முதல் நாலு பந்தும் மண்ணில். பந்தைப் பிடிக்கிற கச்சர் மூன்று தரம் மேட்டுக்கு நடந்து வந்தான். ஐந்தாவதாக அடிக்க வந்தவன் ஒரு இடக்கை அடிகாரன். மூன்று பந்து, மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றான், மட்டையைச் சுழற்றவில்லை, வெளியே. திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

கழகம் இன்னொரு வருடம் தருகிறது, ஆகக் கீழ்ப்படியிலிருந்து. 2013 மார்ச் 5 அன்று முகாமில் நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. சீசன் செப்டெம்பரில்தான் முடியும்.

திகதியை நீயே பார்த்துக்கொள். இரண்டில் ஒன்று போகும். உன்னிடம் யோசனை கேட்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. பெர்மிட் கந்தோரில் நீட்டித் தருவார்களா என்று மட்டும் கேள். வலக்கைக்குப் போடுகிற கையுறை பழையது ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன், நார் எல்லாம் அறுந்துவிட்டது.

ஜது


பேர்ண்
12 டிசம்பர் 2012

ஜது,

கந்தோருக்கு மூன்று தரம் போனேன். முதல் தரம் தவறான கவுண்டர். இரண்டாம் தரம் சரியான கவுண்டர், ஆனால் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். மூன்றாம் தரம் ஒரு பெண்மணி மிகவும் மரியாதையாக, ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்றார். நாலு வருடம் என்றால் நாலு வருடம். மார்ச் 14க்கு நீ இங்கே குடியிருக்க வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இனிச் சுற்றுலாப் பயணிதான். என் தம்பி இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தவன் என்றேன். "விளங்குகிறது" என்றார். விளங்கி என்ன பிரயோசனம்.

போன வாரம் உனக்கு மூன்று பக்கம் எழுதினேன். முதல் வரி "வந்துவிடு". துன் பட்டறை, அம்மாவின் முழங்கால், எல்லாவற்றையும் எழுதினேன். திரும்ப வாசித்துப் பார்த்தபோது அது கடிதம் மாதிரி இல்லை, றிபன் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

நில். எறி. பெர்மிட் போனால் போகட்டும். நாலு வருடமாக உன்னை அரித்துப் பிடுங்கியவள்தான் சொல்கிறேன், எனக்கே என் வாயை நம்ப முடியவில்லை.

இத்துடன் ஒரு பொதி வருகிறது. சூரிச்சில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் சொல்லி எடுப்பித்தேன், ஆறு கிழமை எடுத்தது. கடைக்காரன், "எந்தக் கையால் எறிகிறவர்?" என்று கேட்டான். "இடக்கை" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்வது இதுதான் முதல் தரம். தோல் கையுறை, வலக்கைக்குப் போடுவது. கெட்டியாக இருக்கிறது, எண்ணெய் பூசிப் பழக்க வேண்டுமாம். நிறம் சிவப்பு இல்லை, பார்த்து வாங்கினேன்.

இதற்காக என்னை மன்னிக்க வேண்டாம். போட்டுக்கொண்டு எறி, அதுவே காணும்.

அக்கா


அரிசோனா
15 மார்ச் 2013

அக்கா,

நேற்றுடன் என் பெர்மிட் செத்தது. காலை எழும்பியதும் முதலில் அதுதான் ஞாபகம் வந்தது, பேர்ணில் இருந்தால் ஒப்பாரி வைத்திருப்பாய். மேட்டில் நின்று நாற்பது பந்து எறிந்தேன். எண்பத்தைந்து. கையுறை பழகுகிறது.

நன்றி என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் நீ விளங்கிக்கொள்வாய்.

ஜது


அரிசோனா
20 ஒக்டோபர் 2013

அக்கா,

சீசன் முடிந்தது. முப்பத்தொரு ஆட்டம். பெரும்பாலும் ஒன்றிரண்டு இடக்கை அடிகாரர்களுக்காக மட்டும் என்னை விடுகிறார்கள், முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். சின்ன ஊர், பழைய பஸ். ஆனால் அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம் தந்துவிட்டார்கள், ஒரு படி மேலே. அன்ரிக்குச் சொல்.

இப்போது கேள், சிரிப்பாயோ திட்டுவாயோ தெரியாது. டிசம்பர் 15ஆம் திகதி அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்கு வருவதற்கு விசா மனுப் போட்டேன். பேர்ணில் பிறந்தவன் பேர்ணுக்கு வர விசா. போகும் இடம்: பேர்ண். முன்பு சென்றிருக்கிறீர்களா: பதினெட்டு வருடம். அதற்கு உன் அழைப்புக் கடிதம் வேண்டும். அது கிடைத்தது, நன்றி, ஏழு பக்கம் தேவையில்லை.

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து கடவுச்சீட்டில் உள்ளதுடன் ஒத்துப்போகவில்லையாம். 2008இல் கடவுச்சீட்டில் வலக்கையால் வைத்தேன். இப்போது எல்லாம் இடக்கை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கே வேறு ஆள் மாதிரித்தான் இருக்கிறது. கடவுச்சீட்டை மாற்றக் கொடுத்தால் நாலு மாதம், கலியாணம் முடிந்துவிடும்.

வலக்கையால் ஒரு தரம் வைத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. பேனையை எடுத்தேன், வைக்க மனம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் மேசையில் இருந்தேன். எனக்கு இதில் முடிவெடுக்கத் தெரியவில்லை. நீயே சொல். நீ சொல்கிற கையால் வைக்கிறேன்.

ஜது


பேர்ண்
4 நவம்பர் 2013

ஜது,

உனக்கு விசர் பிடித்துவிட்டதா? இருபது வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து, எந்தக் கை என்று கேட்கிறாய். கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை. மண்டபம் சொல்லியாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று. அப்பா வேட்டி வாங்கி, ஒரு தரம் உடுத்துப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, "மோன் வருவானோ?" என்று இரண்டு நாளைக்கு ஒரு தரம் கேட்கிறார். வலக்கையால் வை என்று எழுதினால் எனக்கு எவ்வளவு சுகம். ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை எழுதக்கூடாது என்பதற்காக இரண்டு நாள் லீவு எடுத்திருக்கிறேன். உன்னால் எனக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது.

விசாக் கந்தோருக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது, விண்ணப்பத்துடன் சேர்த்து அனுப்பு. உன் ஜெர்மன் துருப்பிடித்திருக்கும் என்பதால் தமிழில் இங்கே தருகிறேன்:

"மதிப்புக்குரியோரே, விண்ணப்பதாரர் ஜதுஷன் குணசேகரம் என் உடன்பிறந்த தம்பி. அவர் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவர். 1992 ஒக்டோபரிலிருந்து 1993 மார்ச் வரை, அவரது மூத்த சகோதரியான நான், அவரது இடக்கைக்குக் கம்பளிக் கையுறை போட்டுக் கட்டிவைத்து அப்பழக்கத்தை மாற்றினேன். கடவுச்சீட்டில் உள்ளது நான் மாற்றிய கையால் வைத்த கையெழுத்து. விண்ணப்பத்தில் உள்ளது அவருடைய சொந்தக் கையால் வைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை. வேறுபாட்டுக்கு அவர் பொறுப்பல்ல. பொறுப்பு என்னுடையது. அவரது தற்போதைய தொழில்: இடக்கைப் பிட்சர்."

இதை அவர்கள் ஏற்பார்களா, தெரியாது. கோப்பில் இப்படி ஒரு கடிதத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஏற்காவிட்டால் இன்னொன்று எழுதுவேன், அதற்கும் மேலே ஒருவருக்கு. பேர்ணில் எத்தனை கவுண்டர் இருக்கிறது என்று எனக்கு இப்போது அத்துப்படி.

அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார். இது என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். "உதையெல்லாம் ஏன் வெள்ளைக்காரனுக்கு எழுதுறாய், எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?" என்றார். நான் கையெழுத்து வைத்துக் கடிதத்தை மடிக்கப் போனேன். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். பிறகு, "பொறு" என்றார். கடிதத்தை வாங்கி விரித்து வைத்து, பேனையை எடுத்து, என் பெயருக்குக் கீழே தமிழில் எழுதினார்: தில்லைநாயகி குணசேகரம், தாய். எழுதிவிட்டு, "கையுறையைப் பின்னினது நான்தான். அதையும் சேர்க்கவோ?" என்று கேட்டார்.

இடக்கையால் வை. நாளைக்கே தபாலில் போடு.

அக்கா